பூங்காவில் நிற்கும் மாவோரி மரத்தூண்கள்: சாமியா, எல்லையா, அலங்காரமா?

#1 ஹேஸ்டிங்ஸ்வாசி

அம்மா மதுரையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. போன சனிக்கிழமை இங்கே நியூசிலாந்தில், ஹேஸ்டிங்ஸ் நகரச் சதுக்கத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே புல்வெளியில் இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் செதுக்கிய மரத்தூண்கள் கூட்டமாக நிற்கும், இங்கே இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆறு வருடமாக அந்த வழியாகத்தான் வேலைக்கு நடக்கிறேன். ஒரு தடவை கூட நின்று பார்த்ததில்லை.

அம்மா பார்த்த மாத்திரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். “எந்த ஊர்க் காவல் சாமிடா இது?” என்று வேறு கேட்டார்கள். பக்கத்துப் பெஞ்சில் ஒரு மாவோரிப் பெண்மணி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவர் லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இல்லை. இவை உண்மையில் என்ன? கும்பிட்டது தப்பா? நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பது ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தென்துருவன்

டோட்டம் கம்பம் தானே? கனடாவில் பார்த்திருக்கிறேன்.

#3 உளிச்சத்தம்

இல்லை நண்பரே. டோட்டம் கம்பம் வட அமெரிக்காவின் வடமேற்குக் கரை மக்களுடையது. அது வேறு கடல், வேறு கதை.

இங்கே இதற்குப் பெயர் ‘போ’. தூண் என்று பொருள். நிலத்தோடு சேர்த்துச் சொல்லும்போது ‘போ ஃபெனுவா’, நிலத்தூண். நம் காதுக்கு யாரையோ ‘போ’ என்று விரட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் அது சொல்வது நேர்மாறு: நாங்கள் இங்கேதான் நிற்கிறோம், எங்கும் போகவில்லை.

நான் தச்சு வேலை செய்கிறவன். செதுக்குகிறவன் அல்ல, வீடு கட்டுகிறவன். ஒரு நண்பரின் பட்டறைக்குப் போய் இந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மரம் தோத்தாரா. நேரான ரேகை, உளிக்கு இணங்கும், எளிதில் உளுக்காது. வடக்கே கௌரி மரமும் உண்டு. பெரிய மனிதர் ஒருவர் இறந்தால் “தாநேயின் பெருங்காட்டில் தோத்தாரா ஒன்று சாய்ந்துவிட்டது” என்று மாவோரியில் சொல்வார்கள். அந்த மரத்துக்கு அவ்வளவு மரியாதை. தாநே என்பவன் காட்டின் தலைவன். அவனிடம் சொல்லாமல் மரத்தில் கை வைக்கக் கூடாது. ராத்தா என்பவன் மந்திரம் சொல்லாமல் படகுக்கு ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்தானாம். மறுநாள் போய்ப் பார்த்தால் மரம் பழையபடி நிற்கிறது. பறவைகளும் பூச்சிகளும் சேர்ந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கி ஒட்டி நிமிர்த்திவிட்டன. பட்டறையில் எனக்கு முதலில் சொன்ன கதை இதுதான். அப்புறம்தான் உளியைத் தொடவே விட்டார்கள்.

இன்னொன்று. செதுக்கும்போது விழும் சில்லுகளை வாயால் ஊதக் கூடாது. பழைய வழக்கத்தில் அந்தச் சில்லைச் சமையல் அடுப்பில் போடவும் கூடாது. நாங்கள் வேலைத்தளத்தில் நாள் முழுக்க ஊதிக்கொண்டே இருப்போம், பழக்கதோஷம். மூன்று தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

#4 ஹேஸ்டிங்ஸ்வாசி

நன்றி அண்ணா. அப்படியானால் சாமி இல்லையா? நாக்கு விஷயமும் யாராவது சொல்லுங்கள். அம்மா தினமும் கேட்கிறார்கள்.

#5 நிலாமதி

தம்பி, அவை பெரும்பாலும் முன்னோர்கள். கும்பிட்டு வரம் கேட்கிற சாமி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹேஸ்டிங்ஸில் நீங்கள் பார்த்த 18 தூண்களுக்கு ‘ஙா போ ஓ ஹெரெதௌங்ஙா’ என்று பெயர். அந்த வட்டாரத்து மராயே ஒவ்வொன்றுக்கும் ஒரு தூண், அந்த மராயேயின் முன்னோர் ஒருவர். மராயே என்றால் ஒரு குலத்தார் கூடுகிற முற்றமும் சபை வீடும் சேர்ந்த இடம். ஆகையால் அம்மா கும்பிட்டது ஒரு ஊர்ப் பெரியவர்கள் கூடி நிற்கிற சபையை. அந்தப் பெண்மணி சிரித்ததில் ஆச்சரியமில்லை. தன் பாட்டனுக்கு ஒருவர் வணக்கம் சொன்னால் யாருக்குக் கோபம் வரும்?

ஆனால் செய்யக் கூடாதவை உண்டு. தூணின் தலையில் கை வைக்க வேண்டாம். தலை அவர்களுக்கு மிகப் புனிதம். மேலே சாப்பாட்டுப் பொட்டலத்தை வைக்க வேண்டாம், சாய்ந்து உட்கார வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கி ஏற்றிப் படம் எடுக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், பார்க்கவே அந்தரமாக இருக்கும்.

நாக்கு எதிரிக்கு விடும் சவால். ஹாகா என்ற மாவோரி ஆட்டம் ஆடும்போது ஆண்கள் கண்ணை உருட்டி நாக்கை நீட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பேச்சுவன்மை என்றும் சொல்வார்கள், சபையில் பேசத் தெரிந்தவன் என்று. கண்ணில் பதித்திருப்பது பாவா என்ற சிப்பி, அதனால்தான் வெயிலில் நீலமும் பச்சையுமாக மினுங்குகிறது. கை விரல் மூன்று மட்டும் இருப்பதற்கு ஊருக்கு ஒரு விளக்கம். என் பக்கத்து வீட்டு மாவோரிக் கிழவர் சொன்னது: “எண்ணுவதை விடு, யாருடைய கை என்று கேள்.”

ஒரு சின்ன விஷயம். நம் நெடுங்கணக்கில் ஙா, ஙி, ஙு எல்லாம் சும்மா கிடக்கின்றன, சிறு வயதில் மனப்பாடம் செய்ததோடு சரி. மாவோரிப் பெயர்களை எழுத வந்தபோதுதான் அவற்றுக்கு ஒரு வேலை கிடைத்தது.

#6 கணக்கர்

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும்.

வருடா வருடம் ரேட்ஸ், அதாவது நகரசபை வரி, ஏறுகிறது. புதிதாகப் பாலம் கட்டினால் ஒரு தூண், ரவுண்டானா போட்டால் ஒரு தூண், கார் நிறுத்துமிடம் திறந்தால் ஒரு தூண். பாதி இப்போது மரம் கூட இல்லை, துருப்பிடித்த நிறத்தில் எஃகுத் தகட்டை வெட்டி நிறுத்துகிறார்கள். எங்கள் பேட்டையில் ஒன்று இருக்கிறது. அது யார், என்ன கதை என்று அந்தத் தெருவில் பத்துப் பேரைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. யாருக்கும் புரியாத ஒன்று எப்படிப் பொது அடையாளச் சின்னம் ஆகும்? விமான நிலையத்தில் நடராஜர் சிலை வைக்கிற மாதிரி, வருகிறவன் படம் எடுத்துக்கொண்டு போவதற்குத்தானே?

மரம் என்றால் இருபது, முப்பது வருடத்தில் உளுக்கும். அப்புறம் பழுது பார்க்க மறுபடியும் பணம். கேட்டால் கலாசாரத்துக்கு விரோதி என்பார்கள்.

#7 தென்துருவன்

ரேட்ஸ் என்று ஆரம்பித்துவிட்டார். இழை இனி பத்துப் பக்கம் போகும்.

#8 நிலாமதி

கணக்கர் சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதிக்குப் பதில் நான் இருக்கிற தாரனாக்கியிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நியூ பிளைமவுத் நகரில் 1841-இல் ஆங்கிலேயக் குடியேறிகள் வந்து இறங்கினார்கள். நிலத்தை வாங்கியாயிற்று என்று அவர்களைக் குடியேற்றிய நியூசிலாந்து கம்பெனி சொன்னது. ஆனால் அந்த மண்ணின் மக்களான தே ஆத்தியாவா குலத்தாரில் பெரும்பகுதி அப்போது ஊரிலேயே இல்லை. போர்களால் தெற்கே ஒதுங்கியவர்கள் பலர், வைகாட்டோவில் சிறைப்பட்டிருந்தவர்கள் பலர். அவர்கள் திரும்பி வந்து பார்த்தால் தங்கள் தோட்டத்தில் வேறொருவன் வேலி போட்டிருக்கிறான். 1844-இல் வில்லியம் ஸ்பெயின் என்ற ஆணையர் விசாரித்துக் கம்பெனிக்கு 60,000 ஏக்கர் என்று தீர்ப்புச் சொன்னார். ஆளுநர் ஃபிட்ஸ்ராய் நேரில் வந்து அதை மாற்றி, குடியேறிகளுக்கு 3,500 ஏக்கர் போதும் என்றார். டார்வினை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றிய பீகிள் கப்பலின் தலைவர் இருந்தாரே, அதே ஃபிட்ஸ்ராய். குடியேறிகள் அவரை மன்னிக்கவே இல்லை.

அவருக்குப் பின் வந்த ஆளுநர் கிரே மறுபடியும் நிலம் கேட்டு நெருக்கினார். 1847-இல் தே ஆத்தியாவா மக்கள் ஒரு பூரிரி மரத்தைச் செதுக்கி எல்லையில் நட்டார்கள். பூரிரி இரும்பு மாதிரி கனக்கும். அதில் இரண்டு உருவங்கள். மேலே விறைத்து நிற்கும் மாவோரி வீரன், கீழே ஒடுங்கிக் குனிந்திருக்கும் வெள்ளைக்காரக் குடியேறி. இதைப் படிக்க எழுத்து வேண்டுமா? இந்த இடத்தைத் தாண்டி வராதே, அவ்வளவுதான். ‘போ தூத்தாகி’ என்பது அதன் பெயர், வெள்ளையர் வைத்த பெயர் ஃபிட்ஸ்ராய் கம்பம்.

வந்தார்கள். 1860-இல் பக்கத்தில் வைத்தாராவில் ஒரு நிலத் துண்டுக்காகச் சண்டை தொடங்கியது, தாரனாக்கி முழுக்கப் பற்றியது. எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நான் எங்கிருந்து வந்தேன் என்பது இந்த மன்றத்தில் பழையவர்களுக்குத் தெரியும்.

அந்த மூலத்தூண் இன்று இல்லை. அதன் மறுவடிவம் நகரின் கிழக்கே வீதியோரத்தில் நிற்கிறது. நான் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறேன். கார்கள் பாட்டுக்குப் போகின்றன. பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் பத்துப் பேருக்கும் தெரியாது என்றுதான் வரும். அதற்குத் தூண் என்ன செய்யும், கணக்கர்? பேசாமல் இருந்தது அதுவா, கேட்காமல் போனது நாமா?

#9 கணக்கர்

அக்கா, இது எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது.

ஆனால் நீங்கள் சொன்னது என் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. 1847 தூண் சண்டைக்காரத் தூண். அதை நட்டவர்களுக்கு அது தேவைப்பட்டது. இன்று ரவுண்டானாவில் நகரசபை நிறுத்துகிற தூணில் குனிந்து நிற்கிற குடியேறி இருப்பாரா? இருக்க மாட்டார். பறவையும் சுருள்கொடியும் இருக்கும். யார் நிலத்தை எடுத்துக்கொண்டாரோ அவரே தன் செலவில், தனக்கு உறுத்தாத மாதிரி ஒரு தூணைச் செய்யச் சொல்கிறார். எனக்குப் பிடிக்காதது அதுதான், ரேட்ஸ் மட்டும் இல்லை.

#10 உளிச்சத்தம்

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் உங்களோடு கை குலுக்கியிருப்பேன் சார்.

கம்பம் என்பது இந்த நாட்டில் சாதாரண விஷயம் இல்லை என்பது ஆங்கிலேயருக்கும் தெரியும். வடக்கே கோரோராரெகா குன்றில் அவர்கள் கொடி பறந்த கம்பத்தை ஹோனே ஹெகே என்ற மாவோரித் தலைவரின் தரப்பு ஒரு தடவை இல்லை, நான்கு தடவை வெட்டிச் சாய்த்தது. 1844 ஜூலையில் முதல் வெட்டு, 1845 மார்ச்சில் நான்காவது. இத்தனைக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் நடந்த வைதாங்கி ஒப்பந்தத்தில் முதலில் கையொப்பமிட்ட தலைவர் ஹெகே என்பார்கள். ஒரு மரக்கம்பத்துக்காக ஒரு போரே நடந்தது என்றால் இரு தரப்பும் அதை ஒரே மாதிரி வாசித்தார்கள் என்று அர்த்தம். நிற்கிற கம்பம் யாருடையதோ, நிலம் அவருடையது.

பழைய எல்லைத் தூண்கள் எல்லாமே இப்படிச் செதுக்கியவை என்று நினைக்க வேண்டாம். வெறும் கம்பங்களும் இருந்தன. ஒரு கடற்கரையில் சில காலம் மீன் பிடிக்கக் கூடாது என்று ராஹுயி என்ற தடை போட்டால், அதைக் காட்ட ஒரு கம்பத்தை நட்டு ஆடைத் துண்டு ஒன்றைக் கட்டுவதும் உண்டு. பூங்காவில் நாம் பார்க்கிற உயரமான அலங்காரத் தூண் ஓரளவுக்கு இந்தக் காலத்து வடிவம்.

செதுக்குகிற கை தப்பிப் பிழைத்ததே பெரிய கதை. 1920-களில் இந்த வேலை தெரிந்தவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். அபிரானா ஙாத்தா என்ற அரசியல்வாதி சட்டம் கொண்டுவந்து, 1927-இல் ரோத்தோருவாவில் பள்ளி தொடங்கினார். அங்கே பைன் தையாப்பா என்ற இளைஞருக்கு உளி வந்தது, மரத்தைக் கொத்தி இறக்கும் வாய்ச்சி வரவில்லை. வாய்ச்சி பிடிக்கத் தெரிந்த முதியவர் எரமிஹா கபுவாவிடம் போய்க் கற்றுக்கொண்டார். வாய்ச்சி எங்கள் தொழிலிலும் செத்துப்போன கருவி, அதனால் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உளியால் தோலைத்தான் செதுக்கலாம். உடம்பை இறக்குவது வாய்ச்சி.

இப்போது உளுத்துப்போவது பற்றி. மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த ஒரு சாண் இடத்தில்தான் எந்த மரமும் முதலில் போகும். அதனால் இப்போது தூணை நேராக மண்ணில் நடாமல் எஃகுக் காலில் உயர்த்தி நிறுத்துகிறார்கள். முதுகுப் பக்கம் நெடுக ஒரு பள்ளம் அறுத்துவிட்டால் வெடிப்பு அங்கே போய்விடும், முகம் பிளக்காது. நகரசபைப் பொறியாளருக்கு இதெல்லாம் சந்தோஷம். ஆனால் நான் சந்தித்த ஒரு மூத்த செதுக்குக்காரர், “எஃகுக் காலில் நிற்கிறவனுக்கு மண் எப்படித் தெரியும்?” என்றார். மரம் தாநேயிடமிருந்து வந்தது, நின்ற வரை நின்று சாய்ந்தால் மண்ணுக்கே போகட்டும், பேரன் வேறொன்று செதுக்குவான் என்பது அவர் கட்சி. அவருடைய மருமகனே நகரசபைக்கு எஃகுக் கால் போட்டுத்தான் கொடுக்கிறார். இரண்டு பேரும் ஒரே பட்டறை. சாப்பாட்டு நேரத்தில் தினமும் இதே சண்டை.

எனக்கு? தச்சனாக எஃகுக் கால். மற்றபடி கிழவர்.

#11 பழையகப்பல்

மாவோரி என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1836 வாக்கில் வடக்கே வாங்கரைப் பக்கம் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அது உடைந்த கப்பல் மணி. அதில் தமிழ் எழுத்து! முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி. இன்று வெலிங்டனில் தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே நமக்கும் இந்த மண்ணுக்கும் ஆயிரம் ஆண்டுத் தொடர்பு...

#12 மட்டுறுத்துநர்

மணி உண்மை. ஆயிரம் ஆண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தக் கப்பல் எப்படி வந்தது என்று இங்கே ஏற்கெனவே நான்கு இழைகள் ஓடிப் பூட்டப்பட்டிருக்கின்றன. தூணுக்கு வாருங்கள்.

#13 கீவிக்குஞ்சு

நான் இங்கேயே பிறந்தவள், தமிழ் கொஞ்சம் தடுமாறும். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

ஃபெனுவா என்றால் நிலம் என்று மட்டும் சொன்னீர்கள். அதற்கு நஞ்சுக்கொடி என்றும் பொருள் உண்டு. ஒரே சொல். குழந்தை பிறந்தால் நஞ்சுக்கொடியைத் தங்கள் குல நிலத்தில் புதைப்பார்கள். என் தோழி வீட்டில் அவளுடையதைப் புதைத்து மேலே மரம் வைத்திருக்கிறார்கள். ஆகவே ‘நிலத்தூண்’ என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வருகிறது. எல்லை காட்டும் கம்பம் என்பதைவிட, ஒருவருடைய கொடி எங்கே புதைந்திருக்கிறதோ அங்கே நிற்கிற ஆள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கணக்கர் அங்கிள், எல்லாத் தூணும் அலங்காரம் இல்லை. நேப்பியருக்கும் ஹேஸ்டிங்ஸுக்கும் இடையே கடலோரத்தில் ‘ஆத்தேயா ஆ ரங்ஙி’ என்று ஒரு விண்மீன் திசைகாட்டி இருக்கிறது. வட்டமாகத் தூண்கள். நடுவில் நின்றால் எந்த விண்மீன் எந்தத் தூணுக்கு நேராக எழும், எங்கே விழும் என்று பார்க்கலாம். பெரிய கடலோடிப் படகில் போகிறவர்கள் வானத்தை 32 வீடாகப் பிரித்து மனப்பாடம் செய்வார்கள், அதைத் தரையில் போட்டிருக்கிறார்கள். பள்ளியிலிருந்து கூட்டிப் போனார்கள், செம குளிர். 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் வந்தபோது அந்த இடமே வெள்ளத்தில் மூழ்கிச் சேதமாகிவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டிலும் மின்சாரம் இல்லை, பாலம் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் தோழியின் அப்பா முதலில் விசாரித்தது தூண்களைப் பற்றி.

#14 கணக்கர்

அங்கிளா! சரி, வாங்கிக்கொள்கிறேன் குஞ்சு.

என் பேட்டைத் தூணைப் பற்றி நகரசபைக்கு மின்னஞ்சல் போட்டேன். ‘உள்ளூர்க் குலத்தாருடன் கலந்து வடிவமைக்கப்பட்டது’ என்று ஒற்றை வரி வந்தது. எந்தக் குலம், எந்தக் கதை என்று மறுபடி கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் நேரே அந்த மராயேக்கே போகலாமா? அந்நியன் போய்க் கதவைத் தட்டலாமா?

#15 உளிச்சத்தம்

தட்டக் கூடாது சார், முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். வாசலில் நில்லுங்கள், அவர்கள் அழைத்த பிறகு உள்ளே போங்கள். வரவேற்பு முடிந்தால் தேநீரும் உணவும் கட்டாயம், வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

நிலாமதி அக்கா ‘பேசாமல் இருந்தது அதுவா’ என்று கேட்டபோது பட்டறையில் கேட்ட இன்னொரு கதை நினைவு வந்தது. கிழக்குக்கரை ஙாத்தி போரோ குலத்தார் சொல்வது. ருவா தே புபுகே என்பவனின் மகனைக் கடலின் தலைவன் தங்கரோவா பிடித்துக்கொண்டு போய், கடலடியில் இருக்கும் தன் வீட்டுக் கூரை முகப்பில் மரச்சிற்பமாகப் பொருத்திவிட்டான். தகப்பன் கடலுக்குள் இறங்கிப் போகிறான். வீட்டுக்குள்ளே இருக்கிற தூண்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. வெளியே இருக்கிறவை பேசுவதில்லை. அவன் வீட்டுக்குத் தீ வைத்து, மகனையும் வெளித்தூண்களையும் தூக்கிக்கொண்டு கரையேறினான். செதுக்கு வேலை மனிதருக்கு வந்தது அப்படித்தானாம். பேசுகிற தூண்கள் அங்கேயே எரிந்துபோயின. நம்மிடம் வந்து சேர்ந்தவை பேசாதவை. அதனால்தான் ஒவ்வொரு தூணுக்கும் பக்கத்தில் அதன் கதையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்று அந்தக் கிழவர் முடித்தார். முடித்துவிட்டு, “உன் நகரசபை அந்த ஆளுக்குச் சம்பளம் தருமா?” என்று மருமகனைப் பார்த்துக் கேட்டார்.

#16 ஹேஸ்டிங்ஸ்வாசி

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ராத்தா கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

நேற்று மறுபடி சதுக்கத்துக்குப் போனோம். அம்மா ஒவ்வொரு தூணாகச் சுற்றி வந்தார்கள். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை, கும்பிடவும் இல்லை. ஒரு தூண் முன்னால் மட்டும் நின்று, “இவரோட பேரப்பிள்ளைங்க இன்னும் இங்கதான் இருக்காங்களா?” என்று கேட்டார்கள். இருக்காங்கம்மா என்றேன். கைப்பேசியை எடுத்து அம்மாவைத் தூணோடு சேர்த்து ஒரு படம் பிடிக்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார்கள்.

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுடா.”

#17 தென்துருவன்

அப்போ படம் எங்கே?

#18 ஹேஸ்டிங்ஸ்வாசி

சொல்லிட்டு வர்றேன். அம்மா ஊருக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.